மூன்றரை ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு லீக்குகள்: ஜப்பான் நிலைத்தது எப்படி, இந்தியா தடுமாறுவது ஏன்?

கேள்வி – கொங்குக் கால்பந்து

நண்பர்களுக்கு வணக்கம். ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்து லீக்கான ஜே லீக்கின் முதல் ஆட்டம் 1993 மே 15 அன்று நடந்தது. இந்தியாவின் முதல் தேசியக் கால்பந்து லீக் 1996 டிசம்பரில் தொடங்கியது. இரண்டுக்கும் இடையே மூன்றரை ஆண்டுகள்தான். இன்று ஜப்பானில் மூன்று பிரிவுகள், பிரிவுக்கு 20 அணிகள் என மொத்தம் 60 தொழில்முறைக் கிளப்புகள் இருக்கின்றன. 1998 முதல் ஓர் உலகக் கோப்பையைக்கூட அந்த நாட்டு அணி தவறவிட்டதில்லை. நம் நாட்டிலோ தேசியக் கால்பந்து லீக் 2007இல் ஐ-லீக் ஆனது. 2014இல் அதற்குப் பக்கத்திலேயே இந்தியன் சூப்பர் லீக் வந்தது. வணிக ஒப்பந்தம் முடியும் தறுவாயில் இருந்ததால் 2025 ஜூலையில் அடுத்த பருவமே நிறுத்திவைக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில், லீக்கை நடத்தும் வணிக உரிமைக்கான டெண்டருக்கு விண்ணப்பிக்க ஒருவரும் முன்வரவில்லை.

ஜப்பான் பணக்கார நாடு என்ற விடை எனக்குப் போதவில்லை. அங்கே நிலமும் பங்குச் சந்தையும் சரிந்து பொருளாதாரம் தேங்கத் தொடங்கிய பிறகுதான் அந்த லீக் பிறந்தது. கால்பந்து மரபு என்று பார்த்தாலும் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். 1951, 1962 ஆகிய ஆண்டுகளின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கம் வென்றோம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றோம். அப்படியானால் லீக்கை வடிவமைத்த முறையில்தான் வேறுபாடு இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த முடிவுகள் ஜே லீக்கைக் காப்பாற்றின, அவற்றுள் எவற்றை நாம் எடுக்கத் தவறினோம் என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். 2018-19 பருவத்தில் கோவையில் ஆடி ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி அணியின் பெயர் 2021-22 பருவத்தில் லீக் பட்டியலிலேயே இல்லாமல் போனதிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடாமல் தொடர்கிறது.


பதில் 1 – நடுக்களத்தான்

நல்ல கேள்வி. ஜே லீக்கைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 1993இலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன்பிருந்த கால் நூற்றாண்டைப் பார்க்காவிட்டால், அவர்கள் ஏன் அந்த முடிவுகளை எடுத்தார்கள் என்பது விளங்காது.

ஜப்பானில் 1965இலேயே ஒரு தேசிய லீக் இருந்தது. ஜெர்மானியப் பயிற்சியாளர் டெட்மார் கிராமரின் ஊக்கத்தால் எட்டு அணிகளோடு தொடங்கிய அந்த ஜப்பான் சாக்கர் லீக்கில் ஆடியவை நிறுவன அணிகள்: கார் தயாரிப்பாளர்கள், இரும்பாலைகள், மின்கருவித் தொழிற்சாலைகள். வீரர்கள் அந்த நிறுவனங்களின் ஊழியர்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஜப்பான் வெண்கலம் வென்றபோது, அந்தப் போட்டியில் அதிகக் கோல் அடித்தவரான குனிஷிகே கமமோட்டோ கூட ஒரு நிறுவன அணியின் வீரர்தான். ஆனால் அந்த வெண்கலத்தால் எழுந்த ஆர்வம் எழுபதுகளில் வடிந்துவிட்டது. ஒரு தொழிற்சாலையின் அணிக்காக அந்தத் தொழிற்சாலையின் ஊழியர்களைத் தவிர வேறு யார் குரல் கொடுப்பார்கள்? இருக்கைகள் காலியாகக் கிடந்தன. தேசிய அணியும் உலகக் கோப்பையை எட்டவில்லை. நம்முடைய பழைய வங்கி அணிகளையும் ஆலை அணிகளையும் அறிந்தவர்களுக்கு இந்த நிலை புதிதன்று.

எண்பதுகளின் இறுதியில் லீக்கின் உள்ளிருந்தே சீர்திருத்தக் குழு எழுந்தது. முன்னாள் வீரரும் பின்னர் ஜே லீக்கின் முதல் தலைவருமான சபுரோ கவாபுச்சி அதன் முகமானார். புதிய லீக்கில் சேர விரும்பிய அணிகளுக்கு அவர்கள் விதித்த நிபந்தனைகளைக் கவனியுங்கள். அணி தனி நிறுவனமாகப் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஊரைத் தன் சொந்த ஊராக அறிவித்து, அந்த ஊரின் நகராட்சியோடும் மக்களோடும் இணைந்து செயல்பட வேண்டும். 15,000 பேர் அமரக்கூடிய, மின்விளக்கு வசதியுள்ள மைதானம் வேண்டும். சிறுவர், இளைஞர் அணிகளை நடத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அணியின் பெயரில் தாய் நிறுவனத்தின் பெயர் இருக்கக் கூடாது.

கடைசி நிபந்தனைதான் கடும் சண்டையை மூட்டியது. யோமியுரி செய்தித்தாள் குழுமத்தின் கைகளில் அன்றைய மிகப் புகழ்பெற்ற அணி இருந்தது. பேஸ்பால் அணிகள் நிறுவனப் பெயரைத் தாங்கி நிற்கையில் கால்பந்து அணி மட்டும் ஏன் துறக்க வேண்டும் என்று அதன் தலைவர் வெளிப்படையாகவே கேட்டார். வெர்டி கவாசாகி என்று லீக் பதிவு செய்த அணியை அந்தக் குழுமத்தின் செய்தித்தாள் யோமியுரி வெர்டி என்றே அச்சிட்டது. நாட்டின் மிகப் பெரிய ஊடக நிறுவனம் எதிர்த்தும் கவாபுச்சி விட்டுக்கொடுக்கவில்லை. என் கணிப்பில் ஜே லீக்கின் வரலாற்றில் இதைவிடத் துணிவான முடிவு வேறில்லை.

இந்த விதிகள் யாரை உள்ளே கொண்டுவந்தன என்பதற்குக் காஷிமாவே சான்று. தோக்கியோவுக்குக் கிழக்கே, இரும்பாலையை நம்பி வாழ்ந்த ஏறத்தாழ 45,000 பேர் கொண்ட ஊர் அது. அங்கிருந்த சுமிதோமோ மெட்டல்ஸ் அணி பழைய லீக்கின் இரண்டாம் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தது. உங்களுக்கு வாய்ப்பே இல்லை என்று லீக் தலைமை கூறியபோதும், கால்பந்துக்கென்றே கூரையுடன் கூடிய மைதானத்தைக் கட்டித் தருவதாக உள்ளாட்சியும் நிறுவனமும் ஒன்றுசேர்ந்து உறுதியளித்துத் தொடக்க 10 அணிகளுள் ஒன்றாக இடம்பிடித்தன. பிரேசிலின் ஜீக்கோ அங்கே வந்து ஆடினார். தங்கள் முதல் லீக் ஆட்டத்தில் காஷிமா ஆன்ட்லர்ஸ் நகோயாவை 5-0 என வென்றது, மூன்று கோல்கள் ஜீக்கோவுடையவை. ஜே லீக் பட்டத்தை அதிகமுறை வென்ற அணி இன்றுவரை அதுதான்.

இனி வீழ்ச்சி. தோக்கியோ தேசிய மைதானத்தில் 59,626 பேர் முன்னிலையில் முதல் ஆட்டம் நடந்தது. ஜீக்கோவோடு இங்கிலாந்தின் கேரி லினேகர், ஜெர்மனியின் லிட்பார்ஸ்கி போன்ற நட்சத்திரங்களும் வந்திருந்தனர். 1994இல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 19,598 பேர் வந்தனர். 1997இல் அந்தச் சராசரி 10,131. மூன்றே ஆண்டுகளில் கூட்டம் பாதியாகக் குறைந்தது. 1998 அக்டோபரில் யோகோஹாமா ஃப்ளூகெல்ஸ் அணியின் இரு புரவலர் நிறுவனங்களுள் ஒன்று விலகிக்கொள்ள, மற்றொன்றாலும் தனியே தாங்க முடியாமல், அதே நகரின் மரினோஸ் அணியோடு அது இணைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. கலைக்கப்படப் போகும் அந்த அணி அதற்குப் பிறகு ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் 1999 ஜனவரி 1 அன்று பேரரசர் கோப்பை என்ற தேசியக் கோப்பைப் போட்டியை வென்று முடிந்துபோனது. அதன் ஆதரவாளர்கள் இணைப்பை ஏற்காமல் தாங்களே பணம் திரட்டி யோகோஹாமா எஃப்சி என்ற புதிய கிளப்பைத் தொடங்கினர். பின்னாளில் அது முதல் பிரிவு வரை ஏறியது.

ஆகவே, நட்சத்திரங்கள் லீக்கைக் காப்பாற்றவில்லை. நிறுவனப் பணமும் காப்பாற்றவில்லை. அந்த நெருக்கடியில் லீக் பின்வாங்காமல் தன்னை அகலப்படுத்திக்கொண்டதுதான் காப்பாற்றியது. 1999இல் 10 அணிகளுடன் இரண்டாம் பிரிவு தொடங்கியது. அந்த ஆண்டின் இறுதியிலேயே பெரிய அணியான உராவா ரெட்ஸ் கீழே இறங்கியது. இரண்டாம் பிரிவில் ஆடிய ஆண்டிலும் அதன் சொந்த மைதானத்துக்கு ஆட்டம் ஒன்றுக்குச் சராசரியாக 16,000க்கும் மேற்பட்டோர் வந்தனர். மறுபுறம், முதல் இரண்டு பட்டங்களையும் வென்ற வெர்டி, கவாசாகியை விட்டுத் தோக்கியோவுக்கு இடம்பெயர்ந்து, பிற்காலத்தில் 2009 முதல் 2023 வரை இரண்டாம் பிரிவிலேயே கழித்தது. ஊரோடு ஒட்டிய அணி இறங்கினாலும் சாகாது என்பதையும், ஒட்டாத அணிக்குப் பட்டங்கள் பாதுகாப்பாகா என்பதையும் இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் காணலாம்.


பதில் 2 – கணக்காளர் பார்வை

மேலே நடுக்களத்தான் எழுதியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நிறுவனங்கள் விலகிப்போய் ஊர் மக்களே அணிகளை நடத்துகிறார்கள் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நகோயாவின் பின்னால் டொயோட்டாவும், மரினோஸின் பின்னால் நிசானும், காம்பா ஒசாகாவின் பின்னால் பானசோனிக்கும் நெடுங்காலமாக நின்றிருக்கின்றன. காஷிமாவின் பெரும்பான்மைப் பங்குகளை 2019இல் மெர்காரி என்ற இணைய வணிக நிறுவனம் வாங்கியது. 2024இல் ஒமியா அணியை ரெட் புல் முழுமையாக வாங்கியது. பணம் நிறுவனங்களிடமிருந்துதான் வருகிறது. வேறுபாடு என்னவென்றால், அந்தப் பணம் லீக்கின் விதிகளுக்குக் கட்டுப்பட்டு உள்ளே வருகிறது.

அதைவிட முக்கியமாக, ஒளிபரப்பு உரிமையை விற்பது ஜே லீக் அமைப்பே. கிளப்புகள் அதன் உறுப்பினர்கள். 2017 பருவம் தொடங்கி 10 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 21,000 கோடி யென் மதிப்பில் டசோன் என்ற இணைய ஒளிபரப்பு நிறுவனத்துடன் கையெழுத்தான ஒப்பந்தத்தின் பணம் லீக்குக்கு வந்து, அங்கிருந்து மூன்று பிரிவுகளின் கிளப்புகளுக்கும் பகிரப்பட்டது. ஒளிபரப்பாளர் மாறினாலும் லீக் யாருடையது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. இந்தியாவில் 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 700 கோடி ரூபாய்க்கு 15 ஆண்டுகளுக்கான வணிக உரிமைகளை ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் ஒட்டுமொத்தமாக ஒப்படைத்தது. அந்த 15 ஆண்டுகள் 2025 டிசம்பரில் முடியவிருந்ததால்தான் பருவம் நின்றது. லீக்கின் ஆயுள் ஓர் ஒப்பந்தத்தின் ஆயுளாகச் சுருங்கிப்போன இந்த ஏற்பாட்டையே நான் முதற்குறையாகக் கருதுகிறேன்.


பதில் 3 – மைதானக் கிழக்கு வாயில்

இந்தியப் பக்கத்தை நான் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் நம் லீக்கில் திறமையோ ரசிகர்களோ இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நடந்தவை அதற்கு நேர்மாறானவை.

1996-97இல் முதல் தேசிய லீக் பட்டத்தை வென்றது பஞ்சாபின் பக்வாராவைச் சேர்ந்த ஜேசிடி மில்ஸ், அதாவது ஒரு துணி ஆலையின் அணி. 2005-06இல் வென்ற மகிந்திரா யுனைடெட் ஒரு வாகன நிறுவனத்தின் அணி. மகிந்திரா 2010இலும் ஜேசிடி 2011இலும் தங்கள் அணிகளைக் கலைத்துவிட்டன. ஜப்பான் 1993இல் கைவிட்ட வடிவத்தையே நாம் 1996இல் தேசிய லீக்காக எடுத்துக்கொண்டோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கொல்கத்தாவின் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும், கோவாவின் சில கிளப்புகளும் மட்டுமே ஊரில் வேர்கொண்டவையாக இருந்தன; லீக்கைத் தாங்கியவையும் அவையே.

2014இல் வந்த இந்தியன் சூப்பர் லீக் எட்டு நகரங்களின் எட்டு அணிகளோடு தொடங்கியது. சென்னையின் எஃப்சி 2015இலும் 2017-18இலும் கோப்பையை வென்றது நம்மில் பலருக்கு மகிழ்ச்சி தந்த செய்தி. முதல் பருவத்தில் சராசரியாக 20,000க்கும் மேற்பட்டோர் மைதானங்களுக்கு வந்தனர். ஒளிபரப்பின் தரம், ஆடுகளத்தின் தரம், வீரர்களின் ஊதியம் எல்லாம் உயர்ந்தன. இவற்றை மறுப்பது நியாயமாகாது. ஆனால் தொடக்கத்தில் அந்த லீக்குக்குள் நுழைய உரிமக் கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. கட்டணம் செலுத்திய அணி எத்தனை மோசமாக ஆடினாலும் கீழே இறக்கப்படவில்லை. கீழே எத்தனை சிறப்பாக ஆடினாலும் மேலே ஏற வழி இருக்கவில்லை.

இதன் விலையைக் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். 2016இல், வரவிருந்த மாற்றத்தில் தங்களுக்கு இடமில்லை என்பதை உணர்ந்த கோவாவின் டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் கிளப் ஆகிய மூன்றும் ஐ-லீக்கிலிருந்து விலகிக்கொண்டன. அவற்றுள் டெம்போ தேசிய அளவில் ஐந்து லீக் பட்டங்கள் வென்ற கிளப். 2016-17இல் மிசோரம் மாநிலத்தின் ஐசால் எஃப்சி, பெரும் செல்வமின்றி, பெரும்பாலும் உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு ஐ-லீக் பட்டத்தை வென்றது. வேறொரு நாட்டில் அது ஒரு லீக்கின் பெருமையாகக் காலமெல்லாம் சொல்லப்பட்டிருக்கும். இங்கே அடுத்த பருவத்திலேயே இந்தியன் சூப்பர் லீக் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அங்கீகாரம் பெற்று ஐ-லீக்குக்கு இணையாக நடக்கத் தொடங்க, சாம்பியனான ஐசாலுக்கு ஏறுவதற்கு ஒரு படிகூட இல்லாமல் போயிற்று.

கேள்வி கேட்டவர் குறிப்பிட்ட சென்னை சிட்டியும் அப்படியே. 2019 மார்ச் 9 அன்று கோவையில் மினர்வா பஞ்சாபை 3-1 என வென்று பட்டத்தைக் கைப்பற்றிய அணி அது. சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயின் வீரர் பெட்ரோ மான்சி 21 கோல்கள் அடித்தார். சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசெல் 26 விழுக்காட்டுப் பங்கை வாங்கும் அளவுக்கு வெளிநாட்டில் நம்பிக்கை பிறந்தது. ஆனால் பட்டம் வென்றும் மேல் பிரிவுக்கு இடமில்லை என்றால், முதலீட்டாளர் எதை நம்பி அடுத்த ஆண்டுக்குப் பணம் போடுவார்? அந்த அணி மறைந்ததற்குத் தனிக் காரணங்களும் இருக்கலாம். எனினும் மேலே கதவு திறந்திருந்தால் அதை நிறுத்திவைக்க முயல்வதற்கு ஒருவருக்காவது காரணம் கிடைத்திருக்கும்.

2019 அக்டோபரில் ஆசியக் கூட்டமைப்பு ஏற்ற திட்டத்தின்படி கதவு பாதி திறந்தது உண்மைதான். 2023இல் பஞ்சாபும் 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங்கும் ஐ-லீக்கிலிருந்து ஏறின. இறங்கும் விதி 2024-25 முதல் நடைமுறைக்கு வரும் என்று அதே திட்டம் கூறியது. அந்தப் பருவம் முடிந்தபோதும் ஓர் அணியும் இறக்கப்படவில்லை.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி – கொங்குக் கால்பந்து

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டெம்போவைப் பற்றி எழுதியதைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. இதிலிருந்து எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. இந்தியன் சூப்பர் லீக் கிளப்புகளின் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் நட்டம் என்றே சொல்கிறார்கள். இந்நிலையில் இறங்கும் விதியைக் கொண்டுவந்தால் இருப்பவர்களும் பணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற வாதத்தை எளிதில் தள்ள முடியவில்லை. ஜப்பானில் இந்த அச்சத்தை எப்படிக் கையாண்டார்கள்? முதலில் எதைச் செய்தார்கள், பிறகு எதைச் செய்தார்கள்?


பதில் 4 – நடுக்களத்தான்

நீங்கள் சொல்லும் அச்சம் அங்கும் இருந்தது, அது பொய்யான அச்சமும் அன்று. அதனால்தான் அவர்கள் வரிசையை மாற்றவில்லை, வேகத்தைக் குறைத்தார்கள்.

முதல் ஆறு பருவங்களில் ஜே லீக்கிலும் எந்த அணியும் தானாக இறங்கவில்லை. அந்த இடைவெளியில் 10 அணிகள் 18 ஆயின. ஊரோடு இணைப்பு, இளைஞர் அணி, மைதானம் ஆகிய நிபந்தனைகள் எல்லாக் கிளப்புகளிலும் ஓரளவு நிறைவேறிய பிறகே இரண்டாம் பிரிவு வந்தது. ஆகவே தொடக்கத்தில் சில ஆண்டுகள் பாதுகாப்பு அளிப்பதில் தவறில்லை. எத்தனை ஆண்டுகள், அந்த ஆண்டுகளுக்குள் என்ன செய்து முடிக்க வேண்டும் என்பவை முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். இந்தியாவில் பாதுகாப்பு மட்டும் கொடுக்கப்பட்டது. அதற்கு ஈடாகக் கிளப்புகள் செய்ய வேண்டியவை கறாராகக் கேட்கப்படவில்லை.

இறங்கும் அணி மடிந்துவிடாமல் இருப்பதற்கு அவர்கள் செய்த ஏற்பாட்டுக்கு ஒய்டா டிரினிடாவின் வரலாற்றைப் பார்க்கலாம். கியூஷூ தீவின் அந்தக் கிளப் 2008இல் ஜே லீக்கின் கோப்பைப் போட்டியான நபிஸ்கோ கோப்பையை வென்றது. அடுத்த ஆண்டே கடனில் மூழ்கி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. இத்தகைய நேரத்துக்கென்றே கிளப்புகளின் பங்களிப்பால் சேர்த்து வைத்திருந்த நிதியிலிருந்து லீக் அதற்குக் கடன் கொடுத்தது. ஆனால் கடனைத் தீர்க்கும்வரை, களத்தில் என்ன சாதித்தாலும் முதல் பிரிவுக்கு ஏற முடியாது என்ற விதியும் கூடவே இருந்தது. 2012இல் ஆதரவாளர்களும் உள்ளூர் நிறுவனங்களும் உள்ளாட்சி நிர்வாகங்களும் சேர்ந்து பணம் திரட்டிக் கடனை அடைத்தனர். அந்த ஆண்டே தகுதிச் சுற்றை வென்று அணி மேலே ஏறியது. கடன் கொடுத்தவர் கண்டிப்பாக இருந்ததால்தான் ஊர் முன்வந்தது என்று நான் கருதுகிறேன்.

அதன் பிறகு 2013 பருவத்திலிருந்து கிளப் உரிம முறை வந்தது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நட்டம் காட்டினாலோ, சொத்தைவிடக் கடன் மிகுந்தாலோ உரிமம் இல்லை என்றது அப்போதைய விதி. 2014இல் மூன்றாம் பிரிவு தொடங்கியது. அங்கிருந்து தொழில்முறை லீக்குக்கு வெளியே இறக்கும் விதியோ 2023 பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. 2024 முடிவில் வடகிழக்கின் இவாத்தே குருல்லா மோரியோகா அப்படி இறங்கியது. முதல் ஆட்டத்திலிருந்து அந்தக் கடைசிக் கதவு வரை முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான விடை: முதலில் கணக்கு. ஜே லீக் தன் கிளப்புகள் ஒவ்வொன்றின் வரவு, செலவு, வீரர் ஊதியம் ஆகியவற்றை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிடுகிறது. எந்த ரசிகரும் தன் அணியின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே நட்டம் என்று உரிமையாளர்கள் சொல்வதை நாம் நம்பவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல் இருக்கிறோம். உரிமம் வழங்கும் அதிகாரம் சம்மேளனத்திடம் இருப்பதால், உரிமம் பெறும் ஒவ்வொரு கிளப்பும் தணிக்கை செய்யப்பட்ட கணக்கை வெளியிட வேண்டும் என்பதை அடுத்த பருவத்துக்கே நிபந்தனையாக்கலாம். அதற்குப் புதிய முதலீட்டாளரும் தேவையில்லை, ஒளிபரப்பாளரும் தேவையில்லை. அந்த எண்கள் கையில் இருந்தால், இறங்கும் விதியை எந்த ஆண்டில் கொண்டுவரலாம், இறங்கும் கிளப்புக்கு எவ்வளவு உதவித்தொகை வேண்டும் என்பதை வாதமாக இல்லாமல் கணக்காகவே போட்டுவிடலாம்.